கொப்பரைக்கரட்டில் கடைசியாகத் தட்டியவர்

கல்லுக்கு வாயில்லை என்ற தைரியத்தில்தான் மனுஷன் இத்தனை காலமும் அதன்மேல் எல்லா அக்கிரமத்தையும் செய்துவந்தான். அந்தத் தைரியத்துக்கு வேட்டு வைத்தவள் சாருலதா.

அவள் கருவிக்குக் கல்நினைவி என்று பெயர். ஒரு பாறை பிறந்த நாளிலிருந்து வாங்கிய அமுக்கல், நெருக்கல், முறுக்கல் எல்லாம் அதன் துகள்களுக்குள் அப்படியே தங்கிக் கிடக்கின்றன. பழைய ஆட்கள் அதை நுண்ணோக்கியில் பார்த்து ஊகித்தார்கள். இவள் ஓசையாக மாற்றிக் காதில் கேட்டாள். கோடி வருஷத்தை ஒரு நிமிஷத்துக்குள் சுருட்டிக் கேட்கலாம். வேண்டுமானால் ஒரே ஒரு பகல்பொழுதைப் பிரித்தெடுத்து நிதானமாகவும் கேட்கலாம். இந்த இரண்டாவது வசதியை அவள் சும்மா பெருமைக்காகத்தான் சேர்த்து வைத்தாள். கடைசியில் அதுதான் அவள் கழுத்தைப் பிடித்தது.

காங்கேயம் பக்கம் மொட்டைப் பாறைக் குன்றைக் கரடு என்பார்கள். கொப்பரைக்கரடு பெயருக்கேற்றபடி கொப்பரையைக் கவிழ்த்து வைத்தாற்போல உருண்டையாக இருக்கும். கறுப்பும் வெள்ளையுமாக வரி ஓடும், நைஸ் என்கிற உருமாறிய பாறை. ஒரு காலத்தில் அந்த வரியழகுக்காகக் கரட்டைக் குடைந்து வெட்டி, எந்தெந்த தேசத்துக் குளியலறைகளுக்கோ அனுப்பினார்கள். இப்போது அதன் வயிற்றில் அணு உலைக் கழிவை வைத்து மூடுவதற்கு ஆழ்சேமிப்பு நிறுவனம் வந்திறங்கியிருந்தது. ஐம்பது கோடி வருஷம் அசையாத பாறை இன்னும் ஒரு லட்சம் வருஷம் அசையாமல் இருக்காதா என்பது அவர்கள் வாதம். அசையவில்லை என்று அத்தாட்சி கொடுப்பது சாருலதாவின் வேலை. கொடுத்தால் கல்நினைவி உலகமெல்லாம் போகும். கொடுக்காவிட்டால் ஏதாவது கிடங்கில் தூசி தின்னும். அந்தக் கருவிக்காக அவள் ஒரு கல்யாணத்தை விட்டிருந்தாள். அப்பாவின் சாவுக்குக்கூட நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. இதற்குமேல் விட அவளிடம் ஒன்றும் இல்லை.

கரட்டுப்பாளையம் ஊருக்கு ஆட்சேபணையே கிடையாது. ரோடு வருகிறது, வேலை வருகிறது, ஆஸ்பத்திரி வருகிறது என்றதும் விழுந்தடித்துச் சம்மதம் கொடுத்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும் பாக்கி. பழைய சுரங்க வாய் ராசாமணி என்ற விதவையின் காட்டுக்குள், அவளுடைய மானாவாரி நிலத்துக்குள், இருந்தது. அவள் கைரேகை விழாமல் ஒரு லாரியைக்கூட உள்ளே விட முடியாது. அவளைப் பற்றி யாரைக் கேட்டாலும், "அது லூசுங்க, கண்டுக்காதீங்க" என்றார்கள்.

கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, கரடு பிறந்த கதையைச் சாருலதா ஒலிபெருக்கியில் கேட்கவிட்டாள். முதலில் நெறுநெறுவென்று ஒரு அரைபடும் சத்தம் வந்தது.

"முதல்ல இது கல்லே இல்லைங்க. கடலடிச் சேறும் மணலும். பூமி அதை உள்ளே இழுத்து ரொம்ப ஆழத்துல வெச்சு நசுக்கிச்சு. அந்த நசுக்கல்தான் இப்ப கேக்கறது. வரிவரியா மடிஞ்சது அப்பத்தான்."

அடுத்து நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும் ஒரு முனகல். முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"இது சூடு. களி கிண்டறப்ப அடியிலேருந்து ஒரு கொப்புளம் மேல வருமே, அந்த மாதிரி இளகின பாறை, மேல இருந்த கல்லையெல்லாம் ரெண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளிட்டுக் குமிழா எழும்பிச்சு. அதான் உங்க கரடு. கல்லுல சிவப்பா கார்னெட் மணிங்க இருக்கு பாருங்க, அது அத்தனை சூட்டையும் எடையையும் வளையம் வளையமாத் தனக்குள்ள சேத்து வெச்சிருக்கு. அப்புறம் ஆறிச்சு. அதுலேருந்து நிம்மதியாத் தூங்குது."

"எங்கூட்டு மாப்ளையாட்டமுங்களா?" என்று கேட்டார் ஊர்ப் பெரியதனக்காரர் சென்னியப்பன். மண்டபம் கொல்லென்று சிரித்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். நரைத்த தலை, வெடித்த கை, மேலே ஆண்பிள்ளைச் சட்டை.

"ஏனுங்க அம்மிணி, அடி வாங்குனதெல்லாம் கேக்குதுங்கறீங்க. சின்ன அடியும் கேக்குமுங்களா?"

"எவ்வளவு சின்னதும்மா?"

"உள்ள இருந்து ஒரு மனுசன் சம்மட்டில தட்டறாப்பல."

"ஆரம்பிச்சுட்டாடா கெணத்து ராசாமணி!" என்று யாரோ கத்த, மறுபடியும் சிரிப்பு. சாருலதாவுக்குத் தன் கருவியைச் சந்தேகப்பட்டால் பொறுக்காது.

"கேக்கும்மா. மழை பேஞ்சாக்கூட என் மெஷினுக்குக் கேக்கும்."

"அப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. எங்கூட்டுக்காரரு கரட்டுக்குள்ள இருந்து தட்டுனாரு. நான் கெணத்துக்குள்ள இருந்து தட்டுனேன். கடைசியாத் தட்டுனது ஆரு, அவரா நானா? அதச் சொல்லுங்க, அடுத்த நிமிசம் ரேகை வெக்கறேன். காசு பணம் ஒண்ணும் வேண்டாம்."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். விஷயம் என்னவென்று சாருலதா சென்னியப்பனைக் கேட்டாள். வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு அவர் சாவகாசமாகச் சொன்னார்.

"அவ புருசன் ஆறுச்சாமி, பாறைக்குழில வேட்டு வெக்கறவனுங்க. இருபத்தஞ்சு வருசத்துக்கு முன்னால ஒரு தோட்டா வெடிக்கலீன்னு பாக்க உள்ள போனான், கூரை உக்காந்துருச்சு. அங்கியே நசுங்கிச் செத்தான். கம்பெனிக்காரன், ஆபீசரு எல்லாம் வந்து பாத்து, ஆள் இருக்க வாய்ப்பே இல்லீன்னு சொல்லிட்டாங்க. இவ என்னடான்னா கெணத்துல எறங்கி ஒக்காந்துக்கிட்டு, அவரு தட்டறாரு, தோண்டுங்க தோண்டுங்கன்னு ஒரே கூப்பாடு."

"நீங்க யாராவது கிணத்துல இறங்கிக் கேட்டுப் பாத்தீங்களா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! செத்தவன் தட்டறான்னு சொல்ற கெணத்துல எவனுங்க எறங்குவான்? கல்லுக்குள்ள தேரைக்கும் படியளக்கறவன் இருக்கான், அவன் பாத்துக்குவான் வாடின்னு நல்லதனமாத்தான் கூப்புட்டோம். வரலீங்க. கடைசில நாங்க நாலு பேரு மயிரப் புடிச்சு மேல தூக்கி, பூசாரி ஊட்டுல கட்டி வெச்சு வேப்பங்கொழைல அடிக்க உட்டோம். பேய் எறங்கோணுமில்ல?"

அவர் பேச்சில் துளி வருத்தம் இல்லை. ஊருக்கு நல்லது செய்த பெருமைதான் இருந்தது.

பாறைக்குழி ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு என்று அன்று ராத்திரி சாருலதா விசாரித்துத் தெரிந்துகொண்டாள். கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கூப்பிட்டாலே கேட்காது. அதனால் புருஷனும் பெண்டாட்டியும் கல்லில் தட்டித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் தனித் தட்டு. ஒருத்தர் தட்டை இன்னொருத்தர் எடுத்தால் அடிதடியே நடக்கும். ஆறுச்சாமியின் தட்டு ரெண்டு மெல்ல, ஒன்று ஓங்கி. "எங்க இருக்கே?" என்று அர்த்தம். ராசாமணியின் பதில் மூன்று வேகமாக. "வரேன்" என்று அர்த்தம். இந்தப் பேச்சு இருப்பது மண்டபத்தில் சிரித்த அத்தனை பேருக்கும் தெரியும். அவர்கள் அப்பன்மாரும் அப்படித் தட்டியவர்கள்தான்.

மறுநாள் காலையில் சாருலதா தன் கூடாரத்தில் உட்கார்ந்து கரட்டின் கடைசிக் காலத்தை மட்டும் பிரித்தெடுத்தாள். கிழவியின் பிரமையைத் தீர்த்துவைத்து ரேகை வாங்கிக்கொண்டு வரலாம் என்ற எண்ணம்தான்.

வேட்டுச் சத்தம் கேட்டது. பிறகு கூரை உட்கார்ந்த சத்தம். அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு ரெண்டு மெல்ல, ஒன்று ஓங்கி.

மூன்று வேகமாக.

சாருலதா வேகத்தைக் கூட்டினாள். ஓட்டிக் கேட்டாள். பகலெல்லாம் அதே கேள்வி, அதே பதில். அவன் எங்கே இருக்கே என்பான், அவள் வரேன் என்பாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். பிறகு ஒரு நாள் நடுவில் பதில் அறுந்துபோயிற்று. மயிரைப் பிடித்துத் தூக்கியது அப்போதாகத்தான் இருக்க வேண்டும்.

அவன் நிறுத்தவில்லை. கேட்பான், பதிலுக்கு இடம் விட்டுக் காத்திருப்பான், மறுபடி கேட்பான். அந்த இடைவெளியைத்தான் சாருலதாவால் தாங்க முடியவில்லை. நாளாக ஆக ஓங்கிய தட்டும் மெல்லிய தட்டும் ஒன்றாகிவிட்டன. கடைசியில் அது சம்மட்டியே இல்லை, எதையோ வைத்துச் சுரண்டினான். சுரண்டலிலும் அதே மூன்று. பதில் அறுந்த பிறகும் சாருலதா நினைத்ததைவிட வெகு அதிக நாள் அவன் இருந்திருக்கிறான். காதிலிருந்து கருவியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு கூடாரத்துக்கு வெளியே போய் நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் விஞ்ஞான புத்தி திரும்பியது. தண்ணீர் இல்லாமல் ஒருவன் இத்தனை நாள் எப்படி இருந்தான்? கசிவு இருந்திருக்க வேண்டும். உள்ளே தட்டியது கிணற்றுக்கு எப்படிப் போனது? கணினியில் சத்தம் போன பாதையை வரைந்து பார்த்தாள். கழிவு வைக்கப்போகிற இடத்திலிருந்து ராசாமணியின் கிணறு வரைக்கும் தலைமயிர் மாதிரி ஒரு வெடிப்பு ஓடியது. ஐம்பது கோடி வருஷம் தூங்கிய பாறையை வேட்டு வைத்து எழுப்பியிருந்தார்கள்.

திட்டத் தலைவர் கிருபாகரனைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தாள். நல்ல மனிதர்; யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூடிய இமையோரம் ஈரம்கூட வந்தது.

"பாவம்" என்றார். "இந்தப் பகுதியை வெட்டிடுங்க."

"சார்?"

"பாறையோட சரித்திரத்தைத்தானே கேட்டாங்க? நசுங்கினது, உருகினது, எழும்பினது, ஆறினது. அதோட முடிஞ்சுபோச்சு. இது வெறும் மனுஷச் சத்தம். அறிக்கையில இதுக்கு என்ன வேலை?"

"வெடிப்பு இருக்கு சார். அந்தக் கிணத்துத் தண்ணியை ஊரே குடிக்குது."

"முடி மாதிரின்னு நீங்கதானே சொன்னீங்க? ஆயிரம் வருஷத்துல தானா அடைஞ்சுடும். அடையாதுன்னு உங்களால சத்தியம் பண்ண முடியுமா?"

"முடியாது."

"அப்புறம் என்ன? நீங்க இல்லேன்னா வேற கருவி, வேற ஆள். அவங்களுக்கு இது காதுலயே விழாது. உங்க கல்நினைவி இந்தக் கரட்டோட புதைஞ்சு போகணுமா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். கரட்டையே மறைக்கச் சொல்கிற ஆளிடம் சாருலதா நியாயம் பேசியிருக்கலாம். பேசவில்லை. ஒரு விசையைத் தட்டினாள். ஆறுச்சாமி இரண்டாம் முறையாக மூடப்பட்டான். கிழவிக்கு இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, மிச்ச நாளையாவது நிம்மதியாகக் கழிக்கட்டும் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் அவளுக்கே கொஞ்சம் பிடித்திருந்தது.

மத்தியான வெயிலில் ராசாமணியின் காட்டுக்குப் போனாள். கிருபாகரன் வண்டியிலேயே இருந்துகொண்டார். ராசாமணி கிணற்றோரம் எருமையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பஞ்சாயத்து மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எந்தக் கோடையிலும் வற்றாத ஊற்று. ஊருக்கெல்லாம் குடிதண்ணீர் அதுதான்.

"வாங்க அம்மிணி. கேட்டீங்களா?"

"கேட்டேம்மா" என்றாள் சாருலதா. "நீங்க சொன்னது நிஜம். அவர் உயிரோட இருந்தார். தட்டினார். நீங்க பதில் கொடுத்தீங்க. உங்களைப் பைத்தியம்னு சொன்னவங்கதான் பைத்தியம்."

எருமையின் முதுகில் இருந்த ராசாமணியின் கை நின்றுவிட்டது.

"என்னைய இழுத்துட்டுப் போயிட்டாங்களுங்க. அதுக்குப் பொறகு அவரு தட்டுனாருங்களா? நான் பதில் குடுக்காம உட்டுட்டேன்னு நெனச்சுக்கிட்டே போனாருங்களா? அதான் எனக்குத் தெரியோணும்."

"இல்லம்மா. உங்களை இழுத்துட்டுப் போறதுக்கு முன்னாடியே அவர் தட்டு நின்னுபோச்சு. கடைசியாத் தட்டினது நீங்கதான். வரேன்னு நீங்க சொன்னதைக் கேட்டுட்டேதான் அவர் போயிருக்கார்."

"நெசமாத்தானுங்களா?"

"கல்லு பொய் சொல்லாதும்மா."

ராசாமணி அவளைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "அத இங்க குடுங்க" என்று பலகைக்கணினியை வாங்கிப் பெருவிரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. சாருலதாவுக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

"சித்த ஒக்காருங்க" என்றாள் ராசாமணி. "பூசாரி ஊட்டுக் கட்ட அவுத்துட்டு நான் ஓடியாந்துட்டனுங்க. உச்சி வெயில்ல வந்து கெணத்துல எறங்கிக் காத வெச்சேன். தட்டிக்கிட்டுத்தான் இருந்தாரு."

சாருலதா பலகைக்கணினியைத் திரும்ப வாங்கப்போன கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் பதில் தட்டல. என்னன்னு தட்டறது? வரேன்னா? ஆரு வருவா? நான் வரேன் வரேன்னு தட்டுனதுலதானே அத்தன நாளும் உசுரப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தாரு. பதில் இல்லீன்னா சீக்கிரம் போயிருவாருன்னு சம்மட்டிய மடில வெச்சுக்கிட்டுச் சும்மா ஒக்காந்திருந்தேன். அவரு போகல. சொரண்டற சத்தம் நிக்கற வரைக்கும் அங்கியேதான் இருந்தேன். அதுக்கு எத்தன நாளாச்சுன்னு எனக்குத் தெரியும், உங்க மிசினுக்கும் தெரியும்."

"அப்ப... அப்ப எதுக்கும்மா என்கிட்டக் கேட்டீங்க?"

"நீங்க எப்படிப்பட்டவங்கன்னு பாக்கத்தான். சத்தம் வந்த வழிலதான் அம்மிணி இந்தத் தண்ணியும் வருது. அது எனக்கே தெரியறப்ப உங்களுக்குத் தெரியாதுங்களா? நெசஞ் சொல்றவங்களா இருந்தா நீங்களே இந்த வேலைய நிறுத்தியிருப்பீங்க. சரி, ஊரு பொழச்சுப் போகட்டும்னு நானும் உட்டிருப்பேன். நீங்க என் மூஞ்சியப் பாத்துப் பொய் சொன்னீங்க. அதான் ரேகை வெச்சேன்."

"அம்மா, ஊர்ல குழந்தைங்க இருக்காங்க!"

"மயிரப் புடிச்சு இழுத்தவனுகளும் ஒருகாலத்துல கொழந்தைகதான். கெணத்துக்குச் சத்தம் வராதுன்னாங்க, வழியே இல்லீன்னாங்க. வழி இல்லீன்னா எதுவும் வராதில்ல? குடிக்கட்டும்." அவள் குரலில் கோபம் இல்லை. விருந்தாளிக்குச் சோறு போடச் சொல்கிற குரலில்தான் சொன்னாள். "தடுக்கோணும்னா நீங்க தடுங்க. மிசினு உங்க கையிலதானே இருக்குது? நான் வேண்டாம்னு சொல்லலயே."

பிறகு குழாயடியில் ஒரு சொம்பு பிடித்து நீட்டினாள். "வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்க, இன்னும் ஒண்ணும் கலக்கல."

சாருலதா வாங்கினாள். தண்ணீர் சில்லென்று தித்திப்பாக இருந்தது. பாதிக்கு மேல் இறங்கவில்லை.

வண்டிக்குத் திரும்பியபோது சேதி எப்படியோ அவளுக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டிருந்தது. சென்னியப்பன் வண்டியருகிலேயே சரவெடி கொளுத்திவிட்டு, போவோர் வருவோர் வாயிலெல்லாம் லட்டுத் திணித்துக்கொண்டிருந்தார். "கல்லையே கரைச்சுப்போட்டீங்களே அம்மிணி!" என்று அவளைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் இடுப்பில் ஒரு பேத்தி இருந்தாள். முன்வரிசையில் காதைப் பொத்திக்கொண்டவர்களில் ஒருத்தி. அவளும் கும்பிட்டாள்.

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்; கருவி மடியில் இருந்தது. வெட்டிய பகுதி இன்னும் முழுசாக அழியவில்லை; ஒரு விசை தட்டினால் ஆறுச்சாமி இந்த வெடிச்சத்தத்துக்கு மேலே கேட்பான். சாருலதா வாயைத் திறந்தாள். திறந்த வாயில் சென்னியப்பன் ஒரு லட்டை வைத்தார். அவள் மென்றாள்.

"ஆச்சா?" என்று கேட்டார் கிருபாகரன்.

"ஆச்சு சார்."

சரவெடி ஓய்ந்த இடைவெளியில், கிணற்றுப் பக்கமிருந்து கல்லில் சம்மட்டி விழும் சத்தம் கேட்டது. மூன்று, வேகமாக. இருபத்தைந்து வருஷம் கழித்து ஒரு பதில். லட்டு தின்றுகொண்டிருந்தவர்களில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அது என்ன சத்தம்?" என்றார் கிருபாகரன்.

சாருலதா வண்டிக் கண்ணாடியை ஏற்றினாள்.

"மனுஷச் சத்தம் சார். வேற ஒண்ணும் இல்லை. நீங்க வண்டியை எடுக்கச் சொல்லுங்க."